சித்தி வயிற்றுக்குள் இரண்டு கிலோ கொழுப்பு

தமிழில் கொழுப்பு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, எங்கம்மா என்னைப் பார்த்து ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வது: "ஒனக்குக் கொழுப்பு கூடிப்போச்சுல." இன்னொன்று டாக்டர்கள் சொல்வது. எங்க சித்திக்கு ரெண்டு விதக் கொழுப்பும் உண்டு என்பது சித்தப்பாவின் கட்சி. முதல் வகைக்கு ஆபரேஷன் கிடையாதாம். இந்தப் பதிவு இரண்டாவது வகையைப் பற்றியது.

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். டாக்டருக்கும் எனக்கும் ஒரே ஒற்றுமை, ரெண்டு பேர் கையெழுத்தும் படிக்க முடியாது என்பதுதான். ஆனால் 2024-இல் ஆறேழு மாசம் சித்தியின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில், காஸ்ட் அக்கவுண்டிங்கை விட அதிகமாகக் கொழுப்புக்கட்டியைப் படித்திருக்கிறேன். வகுப்பில் சில பேர் "எதுக்குல அடிக்கடி லீவு போட்ட?" என்று கேட்டதற்கும் இதுதான் பதில்.

முதலில் சாதாரண கொழுப்புக்கட்டி. லைப்போமா என்பார்கள். தோலுக்கு அடியில், முதுகிலோ தோளிலோ கையிலோ, அமுக்கினால் நழுவுகிற மெத்தென்ற உருண்டை. உங்கள் தெருவிலேயே நாலு பேருக்கு இருக்கும். பெரியவர்களுக்கு உடம்பின் மென்மையான திசுக்களில் வரும் தீங்கில்லாத கட்டிகளில் இதுதான் ரொம்ப சகஜம். வலிக்காது, ஒன்றும் செய்யாது. பார்க்க நல்லா இல்லை என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

இதே சாமான் வயிற்றுக்குள் வந்தால் கதை வேறு. குடலைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு சவ்வு இருக்கிறது. மெசென்ட்ரி என்று பெயர். விசிறி மடிப்பு மாதிரி இருக்கும். அதன் விளிம்பில் ஆறு மீட்டர் சிறுகுடல் தொங்கிக்கொண்டிருக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் எல்லாம் அந்த மடிப்புக்குள்ளேதான் ஓடுகிறது. அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் ஒன்று உண்டு. இந்த இரண்டு இடத்திலும் லைப்போமா வருவது மிக அபூர்வம். உலகம் முழுக்க டாக்டர்கள் இதைப் பார்த்தால் "எங்களிடம் ஒரு கேஸ் வந்தது" என்று தனிக் கட்டுரையாகவே எழுதுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அபூர்வம் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. வயிற்றுக்குள், முக்கியமாகப் பின்பக்கம், பெரிய கொழுப்புக்கட்டி தெரிந்தால், டாக்டர்கள் அதை முதலில் நல்ல கட்டி என்று நினைப்பதே இல்லை. லைப்போசார்கோமா என்று ஒரு புற்றுநோய் இருக்கிறது. அதுவும் கொழுப்புத்தான். அதில் மெதுவாக வளரும் ஒரு வகை, பார்ப்பதற்கு அச்சு அசலாக நல்ல கொழுப்பு மாதிரியே இருக்கும். வயிற்றின் பின்பக்கத்தில் நல்லதை விட இதுதான் அதிகம் வரும். அதனால் அங்கே விதி தலைகீழ்: நிரபராதி என்று நிரூபிக்கிற வரைக்கும் குற்றவாளி. எங்கள் பாஷையில் சொன்னால், கணக்கு டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போமே, அது மாதிரி. எங்க சித்தி மூன்று மாசம் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் இருந்தாள்.

சரி, சித்திக்கு வருவோம்.

எங்களுக்கு மாஞ்சோலை. தெரியாதவர்களுக்கு: கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணை வந்து, செக்போஸ்ட் தாண்டி, அருவியையும் தாண்டி, வளைந்து வளைந்து மேலே ஏறினால் முதலில் வருவது மாஞ்சோலை. அதற்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து சுமார் 8,370 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து பாம்பே பர்மா கம்பெனி போட்ட தேயிலைத் தோட்டம். சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ஃபேஸ்புக்கில் "குட்டி ஊட்டி" என்று பனிமூட்டம் படம் போடுவார்களே, அந்தப் படத்தில் ஓரமாகத் தெரியும் தகர ஓட்டு லயன் வீடுகளில்தான் நாங்கள் இருந்தோம். சித்தி இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். அப்போது வயது 46.

2023 ஆடி மாசத்திலேயே வயிறு லேசாகத் துருத்த ஆரம்பித்துவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது எந்த ஸ்கேனும் இல்லை, உள்பாவாடை நாடா. முன்னாடி ஒரு முழம் மிச்சம் தொங்கும் நாடா, முடிச்சுப் போடவே பத்தவில்லை. ஆனால் கை, கழுத்தெலும்பு எல்லாம் மெலிந்துகொண்டே வந்தது. லயனில் ஆளுக்கொரு பேச்சு. ஒருத்தி, "இந்த வயசுல முழுகாம இருக்கியாட்டி?" என்றாள். இன்னொரு ஆச்சி, மகோதரம் என்று சொல்லி ஏதோ வேர் அரைத்துக் கொடுத்தாள். சித்தப்பா வழக்கம் போல, "வேல செய்யாம தின்னா இப்பிடித்தான்" என்றார். (தோட்டத்தில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுக்கிறவளைப் பார்த்துச் சொன்னது!) சித்தியும் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தாள். வயிறு குறையவில்லை.

இது ஏன் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. உடம்பில் இருக்கிற மற்ற கொழுப்பு சேமிப்புக் கணக்கு மாதிரி. பட்டினி கிடந்தால் உடம்பு அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். லைப்போமாவில் இருக்கிற கொழுப்பு முடக்கப்பட்ட டெபாசிட். ஆள் மெலிந்தாலும் அது மெலியாது. கை கால் வற்றி வயிறு மட்டும் ஊதினால் அது தின்கிற சோற்றால் வந்த தொப்பை இல்லை என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

கீழே ஊரில் ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் அந்தப் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அதேதான். எங்கள் மலைப்பாதை பல இடத்தில் அரித்துக்கொண்டு போய்விட்டது. பஸ் இல்லை. பொங்கல் கழிந்துதான் சித்தியைக் கீழே இறக்க முடிந்தது.

முதலில் எடுத்தது அல்ட்ராசவுண்ட். அந்த ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டில், பெரிய கட்டி, சினைப்பையிலிருந்து வந்திருக்கலாம் என்று போட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி. பெண்களுக்கு வயிற்றில் பெரிய கட்டி என்றால் முதலில் சினைப்பையைச் சந்தேகப்படுவது வழக்கம்தான். அல்ட்ராசவுண்டில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், குடலில் இருக்கிற காற்று மறைக்கும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபோது என்னவோ செய்தது. சித்தி ஜன்னலோரம். "என்னல போட்டுருக்கான்?" என்றாள். "பெரிய ஸ்கேன் எடுக்கச் சொல்லிருக்காவ சித்தி" என்றேன். அதுவும் உண்மைதான், கீழே எழுதியிருந்தது.

அப்புறம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி. 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. சர்ஜரி ஓ.பி.யில் கூட்டம் நம்ம டவுன் தேர்த் திருவிழா மாதிரி. அங்கே ஒரு சீனியர் டாக்டர், ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கையைத்தான் வைத்துப் பார்த்தார். கட்டியை இடது வலதாகத் தள்ளினார், நகர்ந்தது. மேலும் கீழும் தள்ளினார், நகரவில்லை. சுற்றி நின்ற மாணவர்களிடம், "பாத்தீங்களா? இது மெசென்ட்ரி" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அசந்துபோனேன். அந்த விசிறிச் சவ்வு, பின்சுவரில் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக ஒட்டியிருக்கிறதாம். கதவு கீலில் ஆடுகிற மாதிரி, அந்த ஒட்டுக்குக் குறுக்கே மட்டும்தான் ஆடும். ஒட்டு போகிற வாக்கில் ஆடாது. சினைப்பைக் கட்டியோ பின்பக்கக் கட்டியோ இப்படி நகராது.

அடுத்து சி.டி. ஸ்கேன். இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் இது நம்ம சப்ஜெக்ட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. சி.டி. மெஷினைக் கண்டுபிடித்தவர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு. வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. கம்பெனியில். ஆமாம், பழைய இசைத்தட்டுகளில் போட்டிருக்குமே, அதே ஈ.எம்.ஐ. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 1979-இல் ஆலன் கார்மாக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த மெஷின் ஒரு எண் கொடுக்கும், அவர் பெயரிலேயே. தண்ணீருக்கு பூஜ்யம். எலும்புக்குப் பல நூறு, ஆயிரம் வரை பிளஸ். காற்றுக்கு மைனஸ் ஆயிரம். சதை, கல்லீரல், ரத்தம் எல்லாம் பிளஸ்ஸில் வரும். கொழுப்பு மட்டும் மைனஸ் ஐம்பதிலிருந்து மைனஸ் நூற்றைம்பதுக்குள். உடம்பின் திசுக்களில் மைனஸில் நிற்கிற ஒரே ஆள் கொழுப்புத்தான்! அதனால் ஒரு கட்டி கொழுப்பா இல்லையா என்பதில் சி.டி.க்குச் சந்தேகமே வராது. சித்தியின் கட்டி மைனஸ் 105.

நீளம் 24 செ.மீ., அகலம் 18, தடிமன் 10. சிறுகுடல் மொத்தத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிசாகியும் ஏன் அடைக்கவில்லை என்று கேட்டேன். கொழுப்பு மெத்தென்று இருப்பதால் குடலை நெரிக்காது, குடலும் பைய விலகி வழி விடும், அதனால்தான் இந்த ஜாதிக் கட்டி எல்லாம் ரொம்ப நாள் சத்தம் போடாமல் வளர்கிறது என்றார் ரேடியாலஜி டாக்டர். திடீரென்று அந்தப் பாரத்தில் குடல் முறுக்கிக்கொண்டால்தான் ஆபத்து, அப்போது அவசர ஆபரேஷன். மலையிலிருந்து கீழே வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிற ஊரில், மழையில் பாதை அறுந்து கிடந்த அந்த ஒரு மாசத்தில் முறுக்கியிருந்தால்? நான் அதை மேற்கொண்டு யோசிப்பதில்லை.

கொழுப்புதான் என்று தெரிந்துவிட்டது. நல்ல கொழுப்பா? அங்கேதான் சி.டி. கையை விரித்தது. நல்ல லைப்போமா என்றால் முழுக்க ஒரே மாதிரி, நடுவே நூல் மாதிரி மெல்லிய கோடுகள் மட்டும் இருக்கும். கோடு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால், உள்ளே கொழுப்பு அல்லாத முடிச்சுகள் தெரிந்தால், சந்தேகம். சித்தியின் படத்தில் இரண்டு மூன்று கோடுகள் கொஞ்சம் தடிப்பாக இருந்தன. எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். அதில் கொழுப்பின் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட்டுப் படம் எடுக்கலாம். அணைத்த பிறகும் எது மினுக்குகிறதோ அது கொழுப்பு இல்லை. கட்டி கறுத்துவிட்டது, அந்தக் கோடுகள் மட்டும் லேசாகத் தெரிந்தன. "பெரும்பாலும் லைப்போமா. ஆனா எழுதித் தர முடியாது" என்றார் டாக்டர்.

ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். பின்பக்கக் கட்டிகளுக்கு முதுகு வழியாக அப்படிச் செய்வதுண்டாம். இவளுக்கு எப்படியும் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், குடலுக்கு நடுவே ஊசி விடுவதும் நல்லதில்லை, விட்டாலும் ஊசி குத்தின இடம் மட்டும்தான் தெரியும். "ஒரு இலையப் பறிச்சுப் பாத்துட்டு தோட்டம் பூராவும் நல்லாருக்குன்னு சொல்ல முடியுமாம்மா?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டார். அவள் எந்த ஊர், என்ன வேலை என்று ஓ.பி. சீட்டில் படித்திருப்பார் போல. சித்திக்கு அந்த ஒரு கேள்வியிலேயே அவரைப் பிடித்துப்போனது.

பணம்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012-இல் பெயர் மாறி, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்று ஆனது. சிகிச்சைக்கு எங்கள் கையிலிருந்து போனது பஸ் காசும் டீ காசும்தான். ஒரே ஒரு பரிசோதனை தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

2024 ஏப்ரலில் ஆபரேஷன். முந்தின நாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து. சர்ஜன் படம் வரைந்து காட்டினார். கட்டியை அதன் மெல்லிய உறை கிழியாமல் முழுசாகத் தோண்டி எடுக்கவேண்டும். உடைந்து உள்ளே சிதறினாலோ துண்டு மிஞ்சினாலோ திரும்ப வளரலாம், அது கெட்ட கட்டியாக இருந்தால் இன்னும் மோசம். கஷ்டம் என்னவென்றால், கட்டி உட்கார்ந்திருப்பது ரத்தக் குழாய்களுக்கு நடுவில். குழாயைக் காப்பாற்றிக்கொண்டு கட்டியை மட்டும் உரித்தெடுக்க முடிந்தால் நல்லது. முடியாமல் ஒரு குழாயைக் கட்டவேண்டி வந்தால், அந்தக் குழாயை நம்பி இருக்கிற குடல் துண்டு ரத்தம் இல்லாமல் கறுத்துவிடும். அதையும் வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்கவேண்டும். சித்தப்பா அதைக் கேட்டதும் வெளியே போய்விட்டார். அரைமணி கழித்து, கண் சிவந்து, இரண்டு டீயோடு வந்தார். அவருக்கும் எனக்குமா என்று பார்த்தால், ரெண்டையும் அவரே குடித்துவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனாள். தொப்புளுக்கு மேலிருந்து கீழ் வரை நேர்க்கீறல். நாலு மணி நேரம். ஒன்றே காலுக்கு வெளியே கூப்பிட்டு ஒரு டிரேயில் காட்டினார்கள். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் இது ஒரு வழக்கம், "எடுத்தாச்சு, பாத்துக்கோங்க" என்று. நான் பயந்துகொண்டே பார்த்தேன். பளபளவென்று மஞ்சள், வெள்ளரிப்பழம் மாதிரி மெல்லிய தோல், உள்ளே சுளை சுளையாகத் தெரிந்தது. ரத்தமே இல்லை. பயங்கரமாக இருக்கும் என்று நினைத்ததற்கு, கறிக்கடையில் ஓரமாக ஒதுக்கி வைக்கிற கொழுப்பு மாதிரி சாதுவாக இருந்தது. எடை 2 கிலோ 100 கிராம். பெரும்பாலான குழாய்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஓர் இடத்தில் முடியவில்லை. குடல் நிறம் மாறுகிறதா என்று காத்திருந்து பார்த்து, மாறினதால் 25 செ.மீ. எடுத்துத் தைத்துவிட்டார்கள். ஆறு மீட்டரில் அது போனால் தெரியாது என்றார் சர்ஜன்.

மறுநாள் சித்தி கண் முழித்துத் தெளிவாகப் பேசின முதல் வார்த்தை, "எத்தன கிலோல?"

சொன்னேன்.

"சாக்கு எட கழிச்சா?"

தையல் வலியில் அவளே சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் கொழுந்தை எடை போட்டு வாழ்ந்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும். அடுத்த நாலு நாள், வந்த டாக்டர், நர்ஸ், மாணவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதாம்மா?" தைத்த குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளம், அதற்கு அப்புறம்தான் கஞ்சித் தண்ணி. ஐந்தாம் நாள் காலையில் பிரிந்தது. வார்டே சந்தோஷப்பட்டது. இப்படி ஒரு விஷயத்துக்குக் குடும்பமே சேர்ந்து சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

ஆனால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இன்னும் மூடவில்லை.

கட்டியை ஃபார்மலினில் ஊறப்போட்டுப் பெத்தாலஜிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்து உடனடியாகப் பார்க்கிற முறை ஒன்று உண்டு, ஆனால் கொழுப்பு சரியாக உறையாது, வெட்டவும் வராது, அதனால் இதற்கு ஆகாது. பெரிய கட்டி என்றால் கிட்டத்தட்ட ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு துண்டு எடுத்து மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். ஆடிட்டிங்கில் சாம்பிள் செக் என்போமே, அதேதான், ஆனால் இருபத்துச் சொச்சம் சாம்பிள். முழுக்க வளர்ந்த, ஒரே அளவான கொழுப்புச் செல்கள் இருந்தால் லைப்போமா. நடுவே கறுத்துப் பெருத்த உட்கருவோடு ஒன்றிரண்டு செல்கள் அந்தத் தடித்த கோடுகளுக்குள் ஒளிந்திருந்தால் லைப்போசார்கோமா.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. லைப்போமா. ஆனால் கீழே ஒரு வரி: எம்.டி.எம்.2 சோதனை செய்து உறுதிப்படுத்தவும்.

இது அந்த ஒரே பரிசோதனை. வெளி லேபுக்கு அனுப்பி, எங்கள் காசில் செய்தது. எம்.டி.எம்.2 என்பது 12-ஆவது குரோமோசோமில் இருக்கிற ஒரு ஜீன். செல் தாறுமாறாகப் பெருகாமல் இருக்க பி53 என்று ஒரு பிரேக் இருக்கிறது. எம்.டி.எம்.2 அந்த பிரேக்கைத் தளர்த்துகிற வேலை செய்கிறது. சாதாரண செல்லில் அது இரண்டு பிரதி இருக்கும். அந்த மெதுவாக வளரும் லைப்போசார்கோமாவில் பத்து, இருபது என்று பெருகிக் கிடக்கும். ஒளிரும் சாயம் பூசிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். இரண்டு புள்ளி என்றால் நல்லது. கொத்துக் கொத்தாக மின்னினால் முடிந்தது கதை. ஒரே வவுச்சரை இருபது தடவை என்ட்ரி போட்டவனைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான்.

அந்தச் சோதனை முடிவுக்குக் காத்திருந்தபோதுதான் மலையில் இன்னொரு விஷயம் நடந்தது. ஜூனோடு தோட்ட வேலை நிறுத்தம், எல்லாருக்கும் விருப்ப ஓய்வு என்று படிவங்கள் வந்தன. குத்தகை 2028 வரைக்கும் இருக்கிறது, அதற்கு முன்பே. நாலு தலைமுறையாக இருக்கிற வீட்டைக் காலி பண்ணவேண்டும். லயன் முழுக்க அழுகையும் கூட்டமும். சித்தப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏல, நீ கணக்குப் படிக்கிய. இந்த ரூவாய என்னல செய்ய?" கீழே ஒரு சின்ன இடம் வாங்கலாமா, இல்லை கையில் வைத்துக்கொள்ளவேண்டுமா என்பது கேள்வி. அந்தக் கெட்ட கட்டியாக இருந்தால் கீமோவுக்குப் பெரிதாகக் கேட்காது, திரும்பத் திரும்ப வளரும், திரும்பத் திரும்ப ஆபரேஷன். முழுக்கக் காப்பீட்டை நம்பி இருக்க முடியாது. நான் ஒரு நோட்டில் இரண்டு பக்கமும் கோடு போட்டு இரண்டு விதமாக எழுதினேன். இடது பக்கம் இரண்டு புள்ளி என்றால், வலது பக்கம் கொத்துப் புள்ளி என்றால். வலது பக்கத்தில் கூட்டல் போடாமல் விட்டுவிட்டேன். சித்தப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மே கடைசி வாரம் ரிப்போர்ட் மெயிலில் வந்தது. ஹாஸ்டல் மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று திறந்தேன். எம்.டி.எம்.2 பெருக்கம் இல்லை.

மலையில் போன் எடுக்கவில்லை. சாயங்காலம் மூன்றாவது தடவை எடுத்தது சித்திதான். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப எடம் பாக்கச் சொல்லு" என்றாள்.

இதே குடும்பத்தில் வேறு சில உறவுக்காரர்களும் இருக்கிறார்கள், படித்ததற்காக எழுதிவிடுகிறேன். பெருங்குடலின் உள்சுவரில் வரும் லைப்போமா, பெரிசானால் குடலை ஒன்றுக்குள் ஒன்று செருக வைத்துவிடும். சிறுநீரகத்தில் ரத்தக் குழாயும் கொழுப்பும் கலந்து வருவது உண்டு, நாலு செ.மீ. தாண்டினால் உள்ளே ரத்தம் கசியும் பயம். மூன்று வயதுக்குள் குழந்தைகளுக்கு வரும் லைப்போபிளாஸ்டோமா வேகமாக வளர்ந்து பயமுறுத்தும், ஆனால் முழுசாக எடுத்தால் பிழைப்பு நிச்சயம். அட்ரினல் சுரப்பியில் கொழுப்போடு ரத்தம் ஊறும் செல்களும் சேர்ந்து வரும் ஒன்றுக்கு மைலோலைப்போமா என்று ஓபர்லிங் என்பவர் பெயர் வைத்தது 1929-இல். எங்கள் மலையைக் குத்தகைக்கு எழுதின அதே வருஷம். இதில் ஒரு அர்த்தமும் இல்லை, சும்மா தோன்றியது.

சித்தி இப்போது கல்லிடைக்குறிச்சிப் பக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாசம் பெல்ட் போட்டு, குடம் தூக்காமல் இருக்கச் சொன்னார்கள், இல்லையென்றால் தையல் வழியே குடலிறக்கம் வரும். ஒரு மாசம்தான் கேட்டாள். 2025 ஏப்ரலில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும்.

எனக்குத்தான் புதுத் தொல்லை. "அந்தப் பையனுக்குக் கட்டி வெவரம் தெரியும்" என்று தெருவில் பேராகிவிட்டது. லீவுக்குப் போனால் ஆளாளுக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நான் கேட்பது நாலே கேள்வி: அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கா, சமீபத்தில் பெரிசாச்சா, வலிக்குதா, தோலோடு நழுவாமல் ஆழத்தில் கிடக்கா. ஒன்றுக்காவது ஆமாம் என்றால் ஹைகிரவுண்டு பஸ்ஸைக் கை காட்டிவிடுகிறேன். போன வாரம் மளிகைக்கடை அண்ணாச்சி முதுகைக் காட்டினார். நாலுக்கும் இல்லை. அவருக்குத் திருப்தி இல்லை. "நல்லா அமுக்கிப் பாருல" என்கிறார்.